முதலில் குளித்தவள்

எய்யா,

போன ஞாயிற்றுக்கிழமை குமுளியிலிருந்து போன் பண்ணி ஒரு காரியம் கேட்டாய். "நீ ஒரு வார்த்தை பேசும்மா, நீ வான்னு சொன்னா சுகந்தி வந்துருவா" என்றாய். வந்துவிடுவாள் என்று எனக்கும் தெரியும். அதனால்தான் அந்த வார்த்தையை நான் சொல்லப்போவதில்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உனக்குப் பிடிக்காததைப் பேச ஆரம்பித்தால் "டவர் இல்லம்மா" என்று வைத்துவிடுவது உன் வழக்கம். கடிதத்துக்கு டவர் தேவையில்லை. ஒரு பிரதி உனக்குத் தபாலில் வரும். இன்னொரு பிரதியை, உன் பெண்டாட்டி சுகந்தி மொழிபெயர்த்த கதை வந்ததே, அந்தக் கோயம்புத்தூர் பத்திரிகைக்கே அனுப்புகிறேன். போட்டால் போடட்டும். வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொல்லலாமா என்று உனக்குக் கோபம் வரும். நான் அவளை ஏசியது பைப்படியில் நின்றுகொண்டு, பத்து வீடு கேட்க. ஏச்சு மட்டும் பத்து வீட்டுக்குக் கேட்க வேண்டும், மன்னிப்பு கதவை மூடிக்கொண்டு கேட்க வேண்டும் என்றால் அது நியாயமாக எனக்குப் படவில்லை.

இந்த மாதத்தோடு எனக்கு வேலை முடிகிறது. தேயிலை எஸ்டேட் வீட்டைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் பத்திரிகையில் படிக்கிறவர்களுக்குத் தெரியாதில்லையா. லயம் என்பது தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டின வீடுகள், இதில் எங்கள் வீடு இரண்டு அறை. சாவி நம்முடையது, வீடு கம்பெனியுடையது. குடும்பத்தில் ஒருத்தர் பேராவது வேலையாட்கள் பதிவேட்டில் இருக்கிற வரைக்கும்தான் தலைக்கு மேல் கூரை. நான் ஓய்வு பெற்றால் என் இடத்தில் வேறொரு பேர் ஏற வேண்டும். இல்லாவிட்டால் சாமான்களைக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டும். அதனால் எங்கள் பக்கம் மாமியார் பேரை மருமகள் வாங்கிக்கொள்வது வழக்கம். நகை போடுகிற வீட்டில் நகை போடுவார்கள், எங்கள் வீடுகளில் கொழுந்துக் கூடையைக் கொடுப்போம். உன்னை யாரும் கேட்கவில்லை, கவனித்தாயா? நீ ரிசார்ட்டுக்கு ஜீப் ஓட்டுகிறவன், முன்னால் இங்கே, இப்போது குமுளியில். உனக்கு மரம் கவாத்து பண்ணுகிற வேலையோ ஃபேக்டரி வேலையோ கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். கேட்க வேண்டும் என்றே நமக்குத் தோன்றவில்லை. பேர் ஏற வேண்டியது அவள்தான் என்று நீயும் நினைத்தாய், நானும் நினைத்தேன்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் நீ அவளைக் கூட்டிக்கொண்டு வந்தபோது நான் அழுதேன், ஞாபகம் இருக்கிறதா? சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்தாய். உண்மையில் பயந்துபோய் அழுதேன். பாலக்காட்டுக்குக் கிழக்கே சித்தூரில் பிறந்த பெண், கோயம்புத்தூரில் டிகிரி முடித்தவள், மூணாறு பக்கம் இந்தச் சின்னக்கானல் ரிசார்ட்டில் வரவேற்பில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் நான்கு பாஷை பேசுகிறவள். அதில் ஒன்று ஜப்பான் பாஷை. இவள் எப்படி இந்த லயத்தில் தங்குவாள் என்று பயம். வேலை கிடைக்கும் என்றுதான் அந்தப் பாஷையைப் படிக்க ஆரம்பித்தாளாம். நடுவில் ஒரு வாத்தியாரம்மா கதைப் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்துவிட, வேலைக்காகப் படிக்க ஆரம்பித்தவள் கதைக்காகப் படித்து முடித்தாள். வந்த மூன்றாம் நாள், "ஏனுங்க அத்தை, உங்களுக்குக் கதை பிடிக்குமுங்களா?" என்று கேட்டாள். இந்த வீட்டில் அதுவரை யாரும் எனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டதில்லை. உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது. நீ வண்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடுவாய். நாங்கள் இரண்டு பேரும் அடுப்படியில் உட்காருவோம். நான் வெங்காயம் உரிப்பேன், அவள் புத்தகத்தைப் பார்த்து ஒரு வரி ஜப்பான் பாஷையில் படித்துவிட்டு அதைத் தமிழில் சொல்வாள். அவள் தேடித் தேடிப் படித்ததெல்லாம் ஒரே மாதிரியான கதைகள். சொன்னதைச் செய்யாத பெண்டாட்டிகளின் கதைகள். புருஷன் பேசும்போது எதிர்ப்பேச்சு பேசாமல், அதே நேரம் அவன் சொன்னதையும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறவள் ஒருத்தி. பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு எழுதுகிறவள் ஒருத்தி. கட்டின சேலையோடு ரயில் ஏறிப் போகிறவள் ஒருத்தி. சேலை இல்லை, அவர்கள் கட்டுவது வேறு, நான் கேட்டதை என் மனதில் சேலையாகப் போட்டுக்கொண்டேன். அங்கே அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்திலேயே பெண் பிள்ளைகளுக்கு நல்ல மனைவியாக, புத்தியுள்ள தாயாக இருப்பதுதான் லட்சியம் என்று சொல்லிக் கொடுத்தார்களாம். அதை எதிர்த்துப் பெண்கள் எழுதினார்களாம், ஏச்சும் வாங்கினார்களாம். "ஏன்டி, இது நம்ம எஸ்டேட் ஸ்கூல் மாதிரில்லா இருக்கு" என்றேன். சிரித்தாள்.

நான் சும்மா கேட்டுக்கொண்டிருக்கவில்லை. சண்டை போட்டேன். "வீட்ட விட்டுப் போனா, சரி. மறுநாள் காலைல அவளுக்கு யாரு சோறு போட்டா? அத ஏன் எழுதல?" என்று கேட்பேன். "அத அவங்க எழுதறதில்லீங்க அத்தை. அது நாம யோசிக்கறதுக்குங்க" என்பாள். யோசிப்பதற்கு எனக்கு எங்கே நேரம் என்று முணுமுணுப்பேன். ஆனால் வாரம் பூராவும் யோசிப்பேன். எஸ்டேட் கிரஷ்ஷில், வேலைக்குப் போகிற தாய்மார் விட்டுப்போன பிள்ளைகளுக்குத் தொட்டில் ஆட்டிக்கொண்டே அந்த ரயிலில் போனவள் எந்த ஊரில் இறங்கியிருப்பாள் என்று யோசிப்பேன். மொழிபெயர்க்கும்போது சுகந்திக்குத் தமிழ் வார்த்தை கிடைக்காவிட்டால் என்னைக் கேட்பாள். பத்திரிகையில் கதை வந்தபோது தமிழில் என்று கீழே அவள் பேர் மட்டும்தான் இருந்தது, அதுதான் முறை. ஆனால் அதில் பதினைந்து வார்த்தையாவது என்னுடையதாக இருக்கும். எண்ணிப் பார்த்து எனக்குள்ளேயே பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அந்தக் கதையைப் பற்றி உனக்குத் தெரிய வேண்டும். நீ படிக்கவில்லை. பத்திரிகையை ஜீப் கண்ணாடி துடைக்க எடுத்தாய், நான் பிடுங்கி வைத்தேன். பனி கொட்டுகிற ஒரு ஊர். அங்கே வீட்டில் ஒரு பெரிய மரத்தொட்டி இருக்கும், அதில் வெந்நீர் நிரப்பி வீட்டில் எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக அதே தண்ணீரில் இறங்குவார்களாம். முதலில் புருஷன், பிறகு பிள்ளைகள், கடைசியில் பெண்டாட்டி. விறகு வைத்துத் தீ மூட்டுவது அவள், ஆறின தண்ணீரில் இறங்குவதும் அவள். கல்யாணமாகி எத்தனையோ வருஷம் அப்படியே நடக்கிறது. ஒரு சாயங்காலம் தண்ணீர் கொதித்து ஆவி வருகிறது. புருஷன் வருகிற நேரம். அவள் வாசலைப் பார்க்கிறாள், தொட்டியைப் பார்க்கிறாள், அவிழ்த்துப் போட்டுவிட்டு இறங்கிவிடுகிறாள். அவ்வளவுதான் அவள் செய்த புரட்சி. யாரையும் திட்டவில்லை, எங்கேயும் ஓடவில்லை. சூடான தண்ணீரில் கழுத்து வரை உட்கார்ந்து, தன் உடம்பு இத்தனை வருஷம் குளிராகவே இருந்திருக்கிறது என்று தெரிந்துகொள்கிறாள்.

இதை அவள் சொன்னபோது எனக்குக் கை நின்றுவிட்டது. எல்லாரும் குளித்து மீந்த தண்ணீருக்குத் தமிழில் என்ன சொல்வது என்று கேட்டாள். "அதுக்கு எதுக்குடி தனிப் பேரு. பொம்பளைக தண்ணின்னு எழுது" என்றேன். அப்படியே எழுதினாள், அப்படியேதான் அச்சில் வந்தது. பிறகு, "அவன் வந்து என்ன செஞ்சான்?" என்று கேட்டேன். "கதை அங்கியே முடிஞ்சு போச்சுங்க அத்தை. அவன் கதவத் தொறக்கறான். அவ ஈரத்தலையோட உக்காந்திருக்கறா. அவ்வளவுதானுங்க" என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. அடித்தானா, சிரித்தானா, அதைச் சொல்லாமல் என்ன கதை என்று கேட்டேன். "நீங்க சொல்லுங்க, என்ன செஞ்சிருப்பான்?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். உங்கப்பாவை நினைத்துக்கொண்டேன்.

உங்கப்பா கெட்டவர் இல்லை. கை நீட்டியதில்லை, குடித்துவிட்டு விழுந்து கிடந்ததில்லை. ஃபேக்டரியிலிருந்து ஆறு மணிக்கு வருவார், அண்டாவில் தண்ணீர் கொதித்திருக்க வேண்டும். நான் காலையிலிருந்து மழையில் நின்று கொழுந்தெடுத்து, காலில் அட்டை கடித்த ரத்தத்தோடு ஐந்து மணிக்கு வந்து விறகு வைப்பேன். அவர் குளிப்பார், பிறகு உன் ஆச்சி, பிறகு நீ. அடியில் இருப்பதில் பச்சைத் தண்ணீர் ஊற்றிப் பெருக்கி நான் குளிப்பேன். சின்னக்கானல் குளிரில் அது வெந்நீரா பச்சைத் தண்ணீரா என்று தோலுக்குத்தான் தெரியும். இதை ஒரு கஷ்டமாகக்கூட நான் நினைத்ததில்லை. மனிதர்களுக்கு அப்படித்தான் என்று நினைத்தேன்.

இனி சொல்லப்போவது உனக்குத் தெரியாது. உங்கப்பாவுக்கும் கடைசி வரை தெரியாது. நான் பத்தாம் வகுப்பு தேறினவள் என்று உனக்குத் தெரியும். உனக்கு மூன்று வயது இருக்கும்போது போடியில் ஒரு பால்வாடிக்கு டீச்சர் வேண்டும் என்று என் அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள். கூடை தூக்க வேண்டாம், மழையில் நிற்க வேண்டாம், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தால் போதும். வீட்டில் கேட்டேன். "நீ போனா பேரு போயிரும், வீடு போயிரும்" என்றார்கள். உங்கப்பாவுக்கு ஃபேக்டரியில் அப்போது தற்காலிக வேலைதான், பதிவேட்டில் இருந்தது என் பேர் மட்டும்தான். அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். ஒரு வாரம் கழித்து ஒரு மத்தியானம், உனக்குக் காய்ச்சல் என்று கங்காணியிடம் பொய் சொல்லிவிட்டு உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பூப்பாறை பஸ் நிறுத்தத்துக்கு வந்து நின்றேன். பையில் உனக்கு இரண்டு சட்டை, எனக்கு ஒரு சேலை. போடி பஸ் மூன்றரைக்கு. நீ நிலக்கடலை கேட்டாய், வாங்கிக் கொடுத்தேன். பஸ் வந்தது. கண்டக்டர், "போடியா, ஏறும்மா" என்றார். அந்த நேரத்தில் என் மண்டையில் என்ன வந்தது தெரியுமா? ஆறு மணிக்கு அவர் வருவாரே, தண்ணீர் யார் வைப்பார்கள் என்று வந்தது. வேறு எதுவும் வரவில்லை. பாசம் இல்லை, பயம்கூட இல்லை. தண்ணீர் மட்டும்தான். நான் ஏறவில்லை. பஸ் போய்விட்டது. ஐந்து மணிக்கு வீட்டில் விறகு வைத்துக்கொண்டிருந்தேன், நீ மிச்சக் கடலையை அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து தின்றாய்.

இதைச் சுகந்தியிடம்கூடச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை பின்னால் நடந்தது நடந்திருக்காது. என் முட்டி போன பிறகு எனக்குக் கிரஷ்ஷில் வேலை கொடுத்தார்கள், கொழுந்துக்கு ஆள் வேண்டும். அப்போதே அவளைத் தற்காலிகமாகச் சேர்த்துவிட்டால் நான் ஓய்வு பெறும்போது என் இடம் அவளுக்கு நிலைக்கும் என்று ஆபீஸில் சொன்னார்கள். அவளிடம் கேட்டேன். கேட்டேன் என்பது பொய், சொன்னேன். "ரெண்டே வருஷம்டி, வீடு தங்கிரும்" என்றேன். அவள் உன்னைப் பார்த்தாள். நீ போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ரிசார்ட் வேலையை விட்டாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறினாள். கை வெடித்து, அந்தக் கையோடு ஞாயிற்றுக்கிழமை பக்கம் புரட்டினாள். இதைப் பார்த்துக்கொண்டே நான் வெங்காயம் உரித்தேன்.

அப்புறம்தான் அவள் விண்ணப்பம் போட்டிருந்த ஜப்பான் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. மொழிபெயர்ப்புக்கென்றே இரண்டு வருஷப் படிப்பு, தங்குவதற்கும் அவர்களே இடம் தருகிறார்கள். உனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் போகாதே என்று நீ சொல்லவும் இல்லை. "பாக்கலாம்" என்றாய். உங்கப்பாவின் பிள்ளைதான் நீ. அவள் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாள். முகவரி இந்த லயம். விசாரிக்கப் போலீஸ் வரும் என்று சொல்லியிருந்தாள், வந்தால் ஆள் அனுப்பிக் கூப்பிடச் சொல்லியிருந்தாள், வரும்வரைக்கும் ஒரு டீ போட்டுக் கொடுக்கும்படி என்னிடம் பாலும் வாங்கி வைத்திருந்தாள்.

போலீஸ் வந்த அன்று நான் முட்டி வலி என்று லீவில் இருந்தேன். கீழ்க்காட்டில் யானை நிற்கிறது என்று கொழுந்துக்காரர்களை நம் லயத்துக்கு நேர் மேலே இருக்கிற மேட்டுக்கு மாற்றியிருந்தார்கள். வாசலில் நின்று கூப்பிட்டால் கேட்கிற தூரம். ஜீப் நின்றது. ஒரு மலையாளப் போலீஸ்காரர், வயசானவர், நல்ல மாதிரி. "சுகந்தி எவிடெயா அம்மே?" என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்து, "அவ இங்க இல்ல சாரே. சித்தூர்ல அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா" என்றேன். "எப்பொ வரும்?" என்றார். "தெரியாது சாரே. இனிமே அங்கதான் இருப்பா போல" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். டீ வேண்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்று போனார். அவள் வாங்கி வைத்த பால் அப்படியே இருந்தது. அதில் நான் டீ போட்டுக் குடித்தேன்.

வீட்டுக்காகத்தான் சொன்னேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உனக்காகச் சொன்னேன், நீ தனியாகிவிடுவாய் என்று சொன்னேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். எதுவும் நிற்கவில்லை. பொறாமை, எய்யா. நான் ஏறாத பஸ்ஸில் இவள் எப்படி ஏறலாம் என்கிற பொறாமை. என் மகள் மாதிரி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன், சொந்த மகளாக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேனோ என்னவோ.

கொடுத்த முகவரியில் ஆள் இல்லை என்று பாஸ்போர்ட் நின்றுபோனது. தேதி கடந்தது, கல்லூரி அந்த இடத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டது. "போலீஸ் யாராச்சும் வந்தாங்களா அத்தை?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். "யாரும் வரலியேடி" என்றேன். "சரிங்க அத்தை" என்றாள். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவள் வேலைக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள். புத்தகத்தை மட்டும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வெங்காயத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அவள் துணி துவைப்பாள்.

அந்தச் சாயங்காலம் உனக்கு ஞாபகம் இருக்கும். மழை. தலையிலிருந்து கால் வரை நனைந்து வந்தாள். விறகு வைத்தாள், அண்டா கொதித்தது. நீ வருகிற நேரம். அவள் மறைப்புக்குள் போய் மொண்டு மொண்டு ஊற்றுகிற சத்தம் எனக்குக் கேட்டது. முதலில் புரியவில்லை, புரிந்ததும் நான் வாசலைப் பார்த்தேன். அவள் ஈரத்தலையோடு வந்து அடுப்படியில் உட்கார்ந்தாள். நீ கதவைத் திறந்தாய். நானும் அவளும் உன்னைப் பார்த்தோம். அந்தக் கதையைக் கேட்டவள் நான், சொன்னவள் அவள், இரண்டு பேருக்கும் தெரியும் இது எந்த இடம் என்று. உனக்கு மட்டும் தெரியாது. "தண்ணி எங்க?" என்றாய்.

நீ கேட்டதைக்கூட நான் குறை சொல்ல மாட்டேன். அதற்கு அவள் ஒரு பதில் வைத்திருந்திருப்பாள், நீயும் ஏதாவது சொல்லியிருப்பாய், சண்டை போட்டிருப்பீர்கள், அது உங்களுக்குள் முடிந்திருக்கும். நான் விடவில்லை. பைப்படிக்குப் போய் நின்று, "புருசன் வருமுன்ன குளிச்சிட்டு உக்காந்திருக்கா மகராசி, இந்த லயத்துல எவளாவது இப்படிச் செஞ்சது உண்டா, கேட்டுச் சொல்லுங்க" என்று கத்தினேன். படித்தவளைக் கட்டினால் இப்படித்தான் என்றேன். இன்னும் என்னவெல்லாமோ சொன்னேன், எழுத வெட்கமாக இருக்கிறது. ஜன்னல்கள் திறந்தன. நான் உள்ளே வந்தபோது நீ அவளிடம், "அம்மா சொல்றதுல என்ன தப்பு?" என்று கேட்டுக்கொண்டிருந்தாய். முடிவு இல்லாத கதை என்று நான் எரிச்சல்பட்டேன் அல்லவா, அதற்கு முடிவு எழுதினது நான்தான். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவள் மூணாறுக்கு இறங்கிச் சித்தூருக்குப் போய்விட்டாள். அவளுடைய கூடை இன்னும் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.

நீ கேட்ட மறுநாள் அவளுக்குப் போன் பண்ணினேன். நீ சொன்னதைச் சொல்ல அல்ல. "போலீஸ் வந்தாருடி. நான்தான் பொய் சொன்னேன்" என்றேன். "தெரியுமுங்க அத்தை" என்றாள். எப்படி என்று கேட்டேன். "அன்னைக்கு மேட்டுல இருந்து பாத்தனுங்க. நம்மூட்டு முன்னால ஜீப்பு நின்னுது. நீங்க பேசறதையும் பாத்தனுங்க. கூப்புடுவீங்கன்னு கூடையை எறக்கி வெச்சுட்டு நின்னனுங்க" என்றாள். எய்யா, அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றாளாம். நான் கூப்பிடவில்லை. ஜீப் போனதும் மறுபடி மாட்டிக்கொண்டு கொழுந்தெடுத்தாளாம். "அப்ப ஏன்டி எங்கிட்ட வந்தாங்களான்னு கேட்ட?" என்றேன். "நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சனுங்க" என்றாள். ஒரு மாதம் நான் சொல்வதற்காகக் காத்திருந்திருக்கிறாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் துணி துவைத்துக்கொண்டே காத்திருந்திருக்கிறாள்.

நான் அழுதேன். அவள் அழவில்லை. "முட்டி எப்படி இருக்குதுங்க? தைலம் தேய்க்கறீங்களா?" என்று கேட்டாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். சித்தூர் முகவரியில் பாஸ்போர்ட் வாங்கிவிட்டாள், அதே கல்லூரியில் மறுபடி இடம் கிடைத்திருக்கிறது, அடுத்த மாதக் கடைசியில் நெடும்பாசேரி ஏர்போர்ட்டிலிருந்து கிளம்புகிறாள். உனக்கு இதெல்லாம் தெரிந்துதான் என்னைப் பேசச் சொன்னாய். உன்னைப் பற்றி நானாகக் கேட்கவில்லை. அவளாகவே, "அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தாருன்னா நல்லா இருந்திருக்குமுங்க" என்றாள். என்ன வார்த்தை என்று கேட்டேன். "'குளிருதா?'ன்னு" என்றாள். திரும்பி வருவாயா என்று கேட்க எனக்கு வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன். வா என்று சொன்னால் வருவாள் என்றேனே, அது அன்பினால் என்று நினைக்காதே. பழக்கத்தினால். பூப்பாறையில் நான் திரும்பினேனே, அப்படி. அப்படி ஒருத்தி திரும்பி வந்தால் என்ன ஆகும் என்பதற்கு உன் எதிரில் நானே இருக்கிறேன்.

அதனால் ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டேன். நம் வீட்டிலிருந்து யார் பேரும் ஏற வேண்டாம், மாதக் கடைசியில் வீட்டை ஒப்படைத்துவிடுகிறேன் என்று. அங்கே கணக்கெழுதுகிற ரைட்டர், "ஆலோசிச்சு எழுதும்மா, பின்னால கிட்டாது" என்று இரண்டு தடவை சொன்னார். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து வெகுநேரம் வாசலில் நின்றேன். நீ பிறந்த அறை, உங்கப்பா செத்த அறை, இரண்டும் ஒன்றுதான். வலிக்கத்தான் செய்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். போடியில் அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்திருக்கிறேன். மூன்றரை பஸ் இப்போதும் ஓடுகிறதாம். முப்பது வருஷம் கழித்து ஏறப்போகிறேன், அங்கே போய் என்ன செய்வேன் என்று தெரியாது. அதை நாம்தான் யோசிக்க வேண்டும் என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

உனக்கு நான் புத்தி சொல்ல லாயக்கில்லாதவள், ஆனாலும் அம்மா. அவளைத் தடுக்காதே. நெடும்பாசேரிக்குப் போ. பேச வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம், என் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கவும் வேண்டாம். அவள் விட்டால் பெட்டியைத் தூக்கு. விடாவிட்டால் தள்ளி நில். அவள் போகிற இடத்தில் பனி கொட்டுமாம், ஒரு நல்ல ஸ்வெட்டர் வாங்கிக் கொடு. அவள் வாங்கிக்கொள்ளாமல் போனால் திரும்பி வரும் வழியெல்லாம் அதை நீ வைத்துக்கொண்டு வர வேண்டியதுதான். இரண்டு வருஷத்தில் அவள் உனக்குப் பெண்டாட்டியாகத் திரும்பி வருவாளா என்று என்னைக் கேட்காதே. எனக்குத் தெரியாது, வரமாட்டாள் என்றுதான் மனசில் படுகிறது. அப்படியானால் அதையும் நீ பழகிக்கொள்ள வேண்டும், நானும் பழகிக்கொள்ள வேண்டும்.

சனிக்கிழமை சாமான் கட்ட வா. மத்தியானமே கிளம்பினாலும் நீ மேலே வந்து சேர ஆறு மணியாகிவிடும், மழையும் இருக்கும். நான் ஐந்து மணிக்கே அண்டாவில் தண்ணீர் வைத்து, கொதித்ததும் முழுதும் ஊற்றிக் குளித்துவிடுவேன். இந்த வீட்டில் ஒரு தடவையாவது சூடு ஆறுவதற்கு முன்னால் குளித்துவிட்டுப் போக வேண்டும் என்று இருக்கிறது. நீ கதவைத் திறக்கும்போது நான் ஈரத்தலையோடு அடுப்படியில் உட்கார்ந்திருப்பேன். தண்ணி எங்க என்று கேட்காதே. விறகு பின்னால் அடுக்கியிருக்கிறது.

அம்மா